பள்ளிக்கூடப் பிள்ளையளும் போதையும்: என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் யாழ்ப்பாணத்தில, வலிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். கணக்குத்தான் என்ர பாடம், ஆனா கொஞ்ச வருசமா ஆலோசனை வழிகாட்டலும் என்ர தலையில விழுந்திட்டுது. பெற்றார் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வெளிக்கிட்டாப்பிறகு ஒரு அம்மா மட்டும் சைக்கிளைப் பிடிச்சபடி கேற்றடியில நிப்பா, "ரீச்சர் ஒரு விசயம்" எண்டு. அந்த ஒரு விசயம் இப்பெல்லாம் அனேகமா இதுதான். பக்கத்துப் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் போன் எடுத்துக் கேக்கினம், ஒருக்கா ஒரு அதிபரும் கேட்டவர். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகுது, அதால எழுதி வைக்கிறன். நான் டொக்டர் இல்லை, லோயரும் இல்லை. வகுப்பில நிக்கிற ஆள், அவ்வளவுதான்.

இப்ப எல்லாப் பெடியளும் பாவிக்கிறாங்களாம், உண்மையோ?

இல்லை. பாவிக்காத பிள்ளையள்தான் கூட. பேப்பரைப் பாத்தா, யூடியூப்பைத் திறந்தா யாழ்ப்பாணம் முழுக்க ஐஸ் எண்டுற மெத்தம்பெற்றமின் போதையில மிதக்கிற மாதிரித்தான் இருக்கும். பிரச்சினை இல்லை எண்டு நான் சொல்லேல்லை, இருக்கு, பத்து வருசத்துக்கு முந்தி நாங்கள் பேரே கேள்விப்படாத சாமானெல்லாம் இப்ப ஒழுங்கைக்குள்ள கிடைக்குது. ஆனா "எல்லாரும் பாவிக்கிறாங்கள்" எண்டு பிள்ளைக்கு முன்னால சொல்லாதேங்கோ. பதினஞ்சு வயசுப் பொடியனுக்கு அது "நான் மட்டும்தான் பின்னுக்கு நிக்கிறன்" எண்டுதான் கேக்கும்.

என்னென்ன சாமான் ஓடுது? எங்களுக்குப் பேர் கூடத் தெரியாது

முதல்ல வாறது மாவா. பாக்குச் சீவல், புகையிலைத் தூள், சுண்ணாம்பு எல்லாம் போட்டுப் பிசைஞ்சு குட்டிப் பொலித்தீன் பைக்கற்றில கட்டி விக்கிறது, சிலவேளை அதுக்குள்ள வேற என்னவும் கலந்திருக்கும். "அது வெத்திலை மாதிரித்தானே, எங்கட ஆச்சியும் போட்டவா" எண்டு தகப்பன்மார் சொல்லுவினம். ஆச்சி அறுபது வயசில போட்டவா, இவன் எட்டாம் வகுப்பில போடுறான். வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இலயே வெளியிட்டுட்டுது. நாளாக ஆக வாய் முழுசாத் திறக்க ஏலாமப் போகும், உறைப்பு பட்டா எரியும். பிறகு சிகரெட், வேப் எண்டுற மின் சிகரெட். வேப் பாக்கிறதுக்குப் பேனை மாதிரி, யூஎஸ்பி மாதிரி இருக்கும், மணம் பழ மணம், அதால வீட்டில ஒருத்தருக்கும் பிடிபடாது. நிக்கொட்டின் எண்டது சின்ன வயசில தொட்டால் சரியான கெதியாப் பிடிக்கிற சாமான்.

கஞ்சா, கேரள கஞ்சா எண்டு பேர், கடலால வாறது. "அது இயற்கை, மூலிகை" எண்டு பெடியள் எனக்கே லெக்சர் அடிப்பாங்கள். நஞ்சான அலரி விதையும் இயற்கைதான் எண்டு சொல்லுவன், இஞ்ச எல்லாருக்கும் அது விளங்கும். கஞ்சா முதல்ல ஞாபகத்தைத்தான் தின்னும், காலமை படிச்சது பின்னேரம் நிக்காது. குடும்பத்தில ஆருக்கும் மனநோய் இருந்த பிள்ளையெண்டால் இன்னும் பயம், பிரமை, சந்தேகம் எல்லாம் தொடங்கிறதுக்கு வழி விடும்.

குளிசையள். இதைத்தான் வீட்டுக்காரர் கவனிக்கிறேல்லை. பிரிகாபலின் எண்டு ஒரு மருந்து, நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் டொக்டர்மார் எழுதிறது, அதைக் கூடக் கூடப் போட்டு வெறி ஏத்திறாங்கள். மணம் இல்லை, புகை இல்லை, பொக்கற்றில கிடந்தா "தலையிடிக்கு" எண்டு சொல்லலாம். குடியோடயோ ஹெரோயினோடயோ சேத்துப் போட்டால் மூச்சு நிண்டு போகலாம். கனநாள் போட்டவன் திடீரெண்டு நிப்பாட்டினால் வலிப்பும் வரலாம், அதால "நாளையில இருந்து விடு" எண்டு வீட்டில வைச்சு மருட்டிறது ஆபத்து.

ஹெரோயின், தூள் எண்டுவினம். பாவிச்சால் கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கும், இருந்த இடத்திலயே தூங்கி விழுவான், உடம்பைச் சொறிவான். கிடைக்காத நேரம் மூக்கு ஓடும், கொட்டாவி விடுவான், வயித்தால போகும், கை கால் உளைவு எண்டு துடிப்பான். கடைசியா எடுத்து ஆறில இருந்து பன்ரண்டு மணித்தியாலத்துக்குள்ள இது தொடங்கிடும், ரெண்டு மூண்டு நாளில உச்சத்துக்கு வரும், பிறகு மெல்ல இறங்கும். கனபேர் இதைக் காய்ச்சல் எண்டு நினைச்சு பனடோல் குடுத்துப் படுக்க வைச்சிருக்கினம். ஊசியால ஏத்தத் தொடங்கினால் அது வேற கதை, ஒரே ஊசியை நாலு பேர் பாவிக்கேக்க எச்ஐவி, ஹெப்பரைற்றிஸ் மட்டும் இல்லை, இரத்தத்தில கிருமி போய் இதய வால்விலயே இருந்திடும்.

ஐஸ் இதுக்கு நேர் மாறு. ரெண்டு மூண்டு நாள் நித்திரை இல்லாம நிப்பான், சாப்பாடு வேண்டாம், வாய் ஓயாது, கண்மணி விரிஞ்சிருக்கும், மெலிஞ்சு பல்லுப் பழுதாகும், பிறகு "என்னை ஆரோ பின்தொடருறாங்கள்" எண்டு கத்தியோட நிப்பான். இறங்கேக்க ரெண்டு நாள் பிணம் மாதிரி நித்திரை, அதுக்குப் பிறகு வாற மனச்சோர்வுதான் எனக்குப் பெரிய பயம், சாகோணும் போல வாற நேரம் அது. அந்த நாட்களில தனிய விடக் கூடாது.

எங்க இருந்து வருது?

கடல். பாக்கு நீரிணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எவ்வளவு கிட்ட எண்டு மாதகல், பருத்தித்துறைச் சனத்துக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனா பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கேள்வியால ஒரு பிரயோசனமும் இல்லை, நேவி செய்யவேண்டிய வேலையை நாங்கள் செய்ய ஏலாது. எங்களுக்குத் தேவையான கேள்வி, கடைசி அம்பது மீற்றர் எப்பிடி வருது? அனேகமா முந்தி எங்களிட்டப் படிச்ச பொடியன் ஒருத்தன் மோட்டார்சைக்கிளில வருவான், முதல் தரம் சும்மா குடுப்பான், மூண்டாந் தரம் கடன் எண்டுவான், பிறகு "காசு இல்லாட்டிப் பரவாயில்லை, இதை அவனிட்டக் குடு" எண்டுவான். அந்த நேரத்தோட பிள்ளை வாடிக்கையாளரில இருந்து வேலையாள் ஆகிடுவான்.

எந்தப் பிள்ளையைக் கூடக் கவனிக்கோணும்?

ஏழைப் பிள்ளை எண்டு உடனே நினைக்காதேங்கோ. காசு இருக்கிற வீடும் இருக்கு, லண்டன் மாமா ஐபோன் அனுப்புவார், கனடாச் சித்தப்பா பைக் எடுத்துக் குடுப்பார், ஆனா பிள்ளை இரவு எத்தினை மணிக்கு வீட்ட வந்தவன் எண்டு கேக்க வீட்டில எண்பது வயசு அம்மம்மா மட்டும்தான். அந்த மனுசிக்கு மேல் வீட்டுப் படியே ஏற ஏலாது.

மற்றப் பக்கம், தகப்பன் இல்லாம தாய் ஒருத்தி தோட்டக் கூலிக்குப் போற வீடு. தகப்பன் இருந்தும் பின்னேரம் ஆனாத் தவறணையில இருக்கிற வீடு. சண்டை 2009 இல முடிஞ்சது எண்டு சொல்லுறம், ஆனா இப்ப பத்தாம் வகுப்பில இருக்கிற பிள்ளையின்ர தாய் தகப்பன் அந்தச் சண்டைக்குள்ள வளந்த ஆக்கள், முகாமில இருந்த ஆக்கள். தாங்கள் பட்டதைப் பற்றி ஒருத்தரிட்டயும் கதைக்காத ஆக்கள். அவையள் பிள்ளையோட எப்பிடிக் கதைப்பினம்? அடிப்பினம், இல்லாட்டி ஒண்டுமே கேக்கமாட்டினம், நடுவில ஒண்டும் தெரியாது. அதுக்கு மேல 2022 இல வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படிப்பை விட்டிட்டு மேசன் வேலைக்கு, கடலுக்கு எண்டு போன அண்ணன்மார். தம்பி பள்ளிக்கூடத்தில, அண்ணனின்ர கூட்டாளியள் வீட்டு முத்தத்தில.

பள்ளிக்கூடத்துக்கு உள்ளுக்க நான் பாக்கிறது வேற ஒரு கூட்டம். வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளை. இப்பிடி இருக்கினம், ஓம், நாங்கள்தான் வகுப்பேத்தி விட்டனாங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை ஒண்டும் விளங்காம வாங்கில இருக்கிறது எண்டால் என்ன எண்டு ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ, நானெண்டால் மதில் பாஞ்சிருப்பன். ரியூசனுக்குப் போற பிள்ளையளுக்காகத்தான் வகுப்பில பாடம் ஓடுது, மற்றவன் பின் வாங்கில இருந்து தனக்கு மரியாதை கிடைக்கிற இடத்தைத் தேடுறான். சந்தியில "மச்சான் வாடா" எண்டு கூப்பிடுற ஒருத்தன் அந்த மரியாதையைச் சும்மா குடுக்கிறான்.

பாவிக்கிறான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணை, கையை, பொக்கற்றைப் பாக்க முதல் வரவு இடாப்பைப் பாருங்கோ. நான் கணக்கு ரீச்சர், எண்ணிறது என்ர தொழில். எனக்குத் தெரிஞ்ச அளவில, சிக்கின ஒவ்வொரு பிள்ளையின்ர பேருக்கு நேரயும் அதுக்கு ஒரு தவணைக்கு முந்தியே இடாப்பில ஓட்டை விழத் தொடங்கிட்டுது. திங்கக்கிழமை வரவில்லை. இன்ரவலுக்குப் பிறகு ஆள் இல்லை. காலமை பிந்தி வந்து ஒவ்வொரு முறையும் வேற கதை. நாங்கள் என்ன செய்யிறம்? கூட்டிப் போட்டு வீதம் கண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிறம், கதை முடிஞ்சுது.

இப்ப எங்கட பள்ளிக்கூடத்தில நானும் பகுதித் தலைவரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில இடாப்புகளை மேசையில போட்டு இருபது நிமிசம் இருப்பம். கடிதம் இல்லாம மூண்டு நாள் வராட்டி வீட்டுக்கு ஒரு கோல். அஞ்சு நாள் எண்டால் ஆராவது ஒருத்தர் போய்ப் பாக்கிறது, வீட்டுக்காரர் பயப்பிடாத மாதிரி, "காய்ச்சலோ எண்டு பாக்க வந்தனாங்கள்" எண்டு. இதுக்கு ஒரு சதம் செலவில்லை, பெற்றோல் காசைத் தவிர. போன இடத்தில அரைவாசிப் பேருக்கு மேல வேற காரணம்தான், சப்பாத்து இல்லை, தாய்க்குச் சுகமில்லை, வகுப்பில ஒருத்தன் அடிக்கிறான், ஒருத்திக்குக் கண் தெரியேல்லை, கரும்பலகை வாசிக்க ஏலாது எண்டு சொல்ல வெக்கம். அதுவும் தெரியவேண்டிய விசயம்தானே.

மற்ற அடையாளமும் சொல்லுறன். கூட்டாளியள் திடீரெண்டு மாறுவினம். விளையாட்டில இருந்தவன் கிறவுண்ட் பக்கம் வரமாட்டான். வீட்டில காசு, மோதிரம், காஸ் சிலிண்டர் எண்டு சாமான் காணாமப் போகும். வெக்கைக்குள்ளயும் நீட்டுக் கைச் சேட். ஆனா இதில ஒண்டையோ ரெண்டையோ வைச்சுத் தீர்ப்பு எழுதாதேங்கோ, காதல் தோல்வியும் இப்பிடித்தான் இருக்கும், பிள்ளையை ஆரோ துன்புறுத்தினாலும் இப்பிடித்தான் இருக்கும்.

பையைச் சோதிக்கலாமோ? மூத்திர ரெஸ்ற் எடுப்பமோ?

மூத்திர ரெஸ்ற் வேண்டாம். ஹெரோயினும் ஐஸும் ரெண்டு மூண்டு நாளில மூத்திரத்தில இருந்து போயிடும், தொடர்ந்து இழுத்தவனுக்குக் கஞ்சா கிழமைக் கணக்கில நிக்கும், பிரிகாபலின் சாதாரணக் கிற்றில பிடிபடவே பிடிபடாது. ஆகப் பிடிபடுறவன் கஞ்சா இழுத்தவன், தப்பிறவன் நாள் தவறாமக் குளிசை போடுறவன். சும்மா தடிமன் மருந்தால கூடப் பிழையா வரும். டொக்டர் கேட்டு கிளினிக்கில எடுத்தால் அது வேற.

பை சோதிக்கிறது எண்டால், சந்தேகத்துக்குக் காரணம் இருக்கோணும், பிரதி அதிபர் மாதிரி ஒரு ஆளும் இன்னொரு ரீச்சரும் நிக்கோணும், பொம்பிளைப் பிள்ளையெண்டால் பொம்பிளை ரீச்சர், வகுப்புக்கு முன்னால இல்லை, அறைக்குள்ள. முழுப் பள்ளிக்கூடத்தையும் வரிசையில விட்டுப் பையைக் கொட்டிறது படம் எடுக்க வடிவா இருக்கும், பிடிபடுறது சீப்பும் போனும்.

பிடிபட்டால் விடுகைப் பத்திரம் குடுத்து அனுப்பிறதுதானே நல்லம்? மற்றப் பிள்ளையள் பழுதாகிடும்

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுதவே தொடங்கினது.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி நான் படிப்பிச்ச ஒரு பள்ளிக்கூடத்தில ஒரு பொடியன் மாவாப் பைக்கற்றோட பிடிபட்டவன், பதினொராம் வகுப்பு, ஓஎல்லுக்கு அஞ்சு மாதம் இருக்கு. கூட்டம் போட்டம். பேர் கெட்டிடும், பழைய மாணவர் கேப்பினம், மற்றப் பெற்றார் பிள்ளையளை எடுத்துக்கொண்டு போயிடுவினம். ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சுது, தாயைக் கூப்பிட்டு "நீங்களே கேட்டு எடுத்த மாதிரி" விடுகைக்கு எழுதித் தரச் சொன்னது. அந்த மனுசி பேனையைப் பிடிச்சுக்கொண்டு "எங்க எழுதோணும்" எண்டு மட்டும்தான் கேட்டவா. நானும் அந்த மேசையில இருந்தனான், வாய் திறக்கேல்லை. வேற ஒரு பள்ளிக்கூடமும் அவனை எடுக்கேல்லை, விடுகையில "நன்னடத்தை" எண்ட இடத்தைப் பாத்த உடனே எல்லாருக்கும் விளங்கிடும். அடுத்த தவணை அவன் எங்கட கேற்றுக்கு நேர முன்னால இருக்கிற மதிலில இருந்தவன், காலமையும் மத்தியானமும். எங்கட உடுப்பில்லாம. எங்கட பிள்ளையள் ரெண்டு பேர் அவனிட்டத்தான் வாங்கத் தொடங்கினவங்கள்.

அதால "மற்றப் பிள்ளையள் பழுதாகிடும்" எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. உள்ளுக்க இருந்தால் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் அவன்ர முகத்தை நாங்கள் பாக்கிறம். வெளியால விட்டால் இருபத்திநாலு மணித்தியாலமும் விக்கிறவன் பாக்கிறான். சட்டப்படியும் யோசியுங்கோ, 5 வயசில இருந்து 16 வரைக்கும் கட்டாயக் கல்வி, முந்தி 14 ஆ இருந்ததை 2016 இல கூட்டினது. சும்மா துரத்திவிட எங்களுக்கு உரிமை இல்லை. அடிக்கிறதும் அப்பிடித்தான், 2005 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையோட உடல் தண்டனை நிப்பாட்டப்பட்டது. "ரெண்டு போட்டாத் திருந்துவான்" எண்டு சொல்லுற சேர்மாருக்கு நான் கேக்கிறது, வீட்டில தகப்பன் ஏற்கனவே போடுறார், திருந்தினவனோ?

அதுக்காக ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கச் சொல்லேல்லை. பாவிச்சவனுக்கு ஒரு உடன்படிக்கை எழுதுங்கோ, தாய் தகப்பன், பிள்ளை, வகுப்பாசிரியர் எல்லாரும் கையெழுத்து, கிளினிக்குக்குப் போறது, இன்ரவலுக்கு எங்க இருக்கிறது, பின்னேரம் ஆர் கூட்டிக்கொண்டு போறது எண்டு. பிரிபெக்ற் பதவி போகலாம், ரீமில இருந்து கொஞ்ச நாள் நிக்கலாம், ஆனா முழுசா விளையாட்டை வெட்டாதேங்கோ, பின்னேரம் நாலு மணிக்கு அவனுக்கு இருக்கிற ஒரே நல்ல இடம் அந்தக் கிறவுண்டாத்தான் இருக்கும்.

விக்கிற பிள்ளையெண்டால்? பொலிசுக்குச் சொல்லோணுமோ?

பாவிக்கிறதும் விக்கிறதும் ஒண்டில்லை. ஆனா பள்ளிக்கூட வயசுப் பிள்ளையளில விக்கிறவன் அனேகமாத் தன்ர பாவனைக்குக் காசு தேடித்தான் விக்கிறான், அவனுக்குப் பின்னால ஒரு பெரிய ஆள் நிக்கிறான். சின்னப் பிள்ளையளை வைச்சுப் போதை கடத்திறது தண்டனைச் சட்டக்கோவையில தனிக் குற்றம், அந்தப் பெரிய ஆளைப் பற்றித்தான் பொலிசுக்குப் போகோணும்.

சாமான் கையில பிடிபட்டால் ரீச்சர் அதைத் தன்ர லாச்சிக்குள்ள வைச்சிருக்காதேங்கோ, ரொய்லற்றில கொட்டிவிட்டிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். ரெண்டு பேர் பாக்க உறையில போட்டு, நேரம் எழுதி, அதிபரிட்டக் குடுங்கோ, அங்கால குடுக்கிறது அவற்ற வேலை. சட்டம் எவ்வளவு இறுக்கம் எண்டதையும் பிள்ளையளுக்குச் சொல்லி வைக்கலாம். ஹெரோயின் 2 கிராம் எண்டால் மரண தண்டனையோ ஆயுளோ எண்டு 1984 இல இருந்து இருக்கு, ஐஸுக்கு 5 கிராம் எண்டு 2022 இல திருத்தம் வந்தது. 18 வயசுக்குக் கீழ மரண தண்டனை இல்லை, ஆனா வழக்கு வழக்குத்தான். 2 கிராம் எண்டால் ஒரு தேக்கரண்டி சீனியிலும் பாதி. பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். பொலிசுக்கு முதல், இல்லாட்டிப் பொலிசோட சேத்து, அவையளையும் கூப்பிடுங்கோ.

பெட்டிக்கடையில சிகரெட் குடுக்கினம், என்ன செய்யலாம்?

21 வயசுக்குக் கீழ உள்ள ஆளுக்கு சிகரெட்டோ சாராயமோ விக்கக் கூடாது எண்டது 2006 ஆம் ஆண்டுச் சட்டம். பிஎச்ஐயிட்ட, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டச் சொல்லலாம். ஆனா முதல் தடவை அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில ரெண்டு பேருமாப் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைச்சுப் பாருங்கோ, கடைக்காரரின்ர பேரப்பிள்ளையும் எங்களிட்டத்தான் படிக்கும்.

கருத்தரங்கு வைச்சனாங்கள், ஊர்வலமும் போனனாங்கள். காணாதோ?

பொலிஸ் ஐயா வந்து ஒரு மணித்தியாலம் கதைச்சார், நுரையீரல் அழுகின படம் காட்டினார், பிள்ளையள் மண்டபத்தில நித்திரை. ஐக்கிய நாடுகளின்ர போதைத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேந்து 2018 இல வெளியிட்ட தடுப்பு நியமங்களில இதைப் பச்சையா எழுதியிருக்கு, பயங்காட்டிற லெக்சர், முந்திப் பாவிச்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கதை சொல்ல வைக்கிறது, இதால பலன் இல்லை, சிலவேளை எதிராவும் போகும். எனக்கு அது புதுமையாவே இல்லை. ஒருக்கா ஒரு ஆள் வந்து தான் எப்பிடி எப்பிடிப் பாவிச்சவர் எண்டு விலாவாரியாச் சொன்னார், முடிஞ்சாப்பிறகு ஒரு எட்டாம் வகுப்புப் பொடியன் வந்து கேட்டது "ரீச்சர், அவர் அதைப் பேப்பரில வைச்சு என்னெண்டு செய்தவர்?"

வேலை செய்யிறது சின்னச் சின்ன விசயங்கள், அலுப்பான விசயங்கள். இருபது பிள்ளையளை வைச்சு, கூட்டாளி நீட்டேக்க எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது எண்டு நடிச்சுப் பழக்கிறது. "வேண்டாம்" எண்டு நேரச் சொன்னால் மானம் போகும் எண்டு நினைக்கிற பிள்ளைக்கு "கோச் மணந்து பாப்பார் மச்சான்" எண்டு ஒரு சாட்டு வேணும், அந்தச் சாட்டை நாங்கள் எடுத்துக் குடுக்கலாம். கோவம் வந்தா என்ன செய்யிறது, பயம் வந்தா ஆரிட்டப் போறது, இதைத் தொடர்ந்து கிழமை கிழமையாச் செய்யோணும், போதைப்பொருள் தடுப்பு வாரத்தில மட்டும் இல்லை. வாசிக்கத் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு பின்னேரம் அரை மணித்தியாலம் வாசிக்கப் பழக்கிறதும் போதைத் தடுப்புத்தான், ஆனா அதுக்கு பனர் அடிக்க ஏலாது.

பிள்ளையோட எப்பிடிக் கதைக்கிறது? உண்மை சொல்லுறான் இல்லை

வெறியில நிக்கேக்க கதைக்காதேங்கோ, அது சுவரோட கதைக்கிறது. மற்ற நாள், சாப்பிட்டாப்பிறகு, ரெண்டு பேர் மட்டும். "நீ பாவிக்கிறியோ?" எண்டு தொடங்கினால் "இல்லை" எண்டதோட முடியும். நான் தொடங்கிறது இப்பிடி: "போன மாதம் ஒன்பது நாள் வரேல்லை, உன்னைக் காணேல்லை எண்டு தேடினன்." அதுக்குப் பிறகு பேசாம இருப்பன். சும்மா இருக்கிறது ரீச்சர்மாருக்குச் சரியான கஸ்ரம்.

அவனுக்கு அதில என்ன கிடைக்குது எண்டும் கேளுங்கோ. ஒருத்தன் சொன்னான் "நித்திரை வரும் ரீச்சர்" எண்டு. வீட்டில இரவிரவாச் சண்டை. அதைத் தெரியாம நுரையீரல் படம் காட்டி என்ன பிரயோசனம்? ஒரு விசயம் முதலே சொல்லி வையுங்கோ: "நீ சொல்லுறதை ஊருக்குச் சொல்லமாட்டன், ஆனா உன்ர உயிருக்கு ஆபத்து எண்டால் சொல்லத்தான் வேணும்." ஸ்ராப் ரூமில அந்தக் கதையை எடுத்தால் அதோட எல்லாம் போச்சு, பின்னேரம் அது மானிப்பாய் வரைக்கும் போயிடும்.

வகுப்பில மயங்கி விழுந்தால்?

1990 க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. எழுப்பினால் எழும்பாம மூச்சு மட்டும் இருக்குதெண்டால் ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வையுங்கோ, சத்தி எடுத்தால் தொண்டையில அடைக்காது. தேசிக்காய்த் தண்ணி, மோர், முகத்தில தண்ணி ஒண்டும் வேண்டாம். மூச்சை எண்ணுங்கோ, சொண்டு நீலிச்சால், குறட்டை மாதிரி இழுத்தால் போனில இருக்கிற ஆளுக்கு உடனே சொல்லுங்கோ. என்ன பாவிச்சவன் எண்டு கூட்டாளிக்குத் தெரியும், "உனக்குத் தண்டனை இல்லை, சொல்லு" எண்டு கேட்டு டொக்டருக்குச் சொல்லுங்கோ, ஹெரோயினுக்கு முறிப்பு ஊசி ஆஸ்பத்திரியில இருக்கு. அவன் சொன்னாப்பிறகு தண்டனை குடுக்காதேங்கோ. அடுத்த முறை ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்.

எங்க கொண்டு போறது?

யாழ். போதனா வைத்தியசாலையில மனநல கிளினிக் இருக்கு, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. "மனநலம்" எண்ட போர்ட்டைப் பாத்துத் திரும்பி வந்த தகப்பன்மார் இருக்கினம், "என்ர பிள்ளைக்கு விசரோ?" எண்டு. போதைக்கு அடிமையாகிறது மூளையில நடக்கிற மாற்றம், அதுக்கு மருந்து குடுக்கிற இடம் அதுதான். போன்ல கேக்க எண்டால் 1926 தேசிய மனநல நிறுவனம், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, பிள்ளைக்குத் துன்புறுத்தல் இருந்தால் 1929.

கந்தகாடு மாதிரி இடத்துக்கு அனுப்புவமோ எண்டு கேக்கினம். பொலன்னறுவைப் பக்கம் இருக்கிற அந்த ஆமி நடத்தின புனர்வாழ்வு நிலையத்தில 2022 இல பெரிய குழப்பம் நடந்து ஒருத்தர் செத்து நூற்றுக்கணக்கானவை ஓடினவை எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முதல் யோசனையா அது வரக் கூடாது. வீட்டுக்குள்ள சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிறது, சாத்திரியாரிட்ட நூல் கட்டிறது, கொழும்புக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பிறது, இதெல்லாம் நான் கண்டது. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, நானும் போறனான், ஆனா கிளினிக் நாளைத் தவறவிடாதேங்கோ.

பொம்பிளைப் பிள்ளையின்ர தாய்மார் கிளினிக்குக்கே வரமாட்டினம், "நாளைக்கு ஆர் கட்டுவான்" எண்டு. குளிசைப் பக்கம் போறதில பெட்டையளும் இருக்கினம். அவையளுக்கு ஆரோ ஒருத்தன் அதைக் குடுத்துத் தன்ர பிடிக்குள்ள வைச்சிருக்கிறான் எண்டதையும் சேத்துப் பாருங்கோ.

திரும்பி வந்து பேந்தும் தொட்டிட்டான். இனி சரிவராதோ?

சரிவரும். திரும்பத் தொடுறது நடக்கும், அதுக்காக முதல் செய்தது வீண் இல்லை. ஒரேயொரு விசயம் தாய்மாருக்குத் தெரிஞ்சிருக்கோணும்: கொஞ்ச நாள் விட்டவனின்ர உடம்புக்குப் பழைய தாங்குதிறன் இல்லை, விட முந்தி எடுத்த அளவைத் திரும்ப எடுத்தால் செத்துப் போகலாம். ஹெரோயினில அப்பிடிப் போனவை கனபேர்.

பள்ளிக்கூடத்தில அவன் வாற அண்டைக்கு முன் வாங்கில ஒரு இடம் வைச்சிருங்கோ, பழைய கூட்டத்துக்குப் பக்கத்தில வேண்டாம். அசெம்பிளியில அவனைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ, நல்லதாவும் சொல்லாதேங்கோ. தவறவிட்ட பாடத்தை எழுத ஒரு பிள்ளையின்ர கொப்பியை வாங்கிக் குடுங்கோ.

ரீச்சர், என்ர கூட்டாளி பாவிக்கிறான். சொன்னாக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகாதோ?

இதைக் கேட்டது ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, கொப்பி திருத்தக் கொண்டு வந்து வைச்சிட்டு, என்ர முகத்தைப் பாக்காம. நான் சொன்னது, பேர் இப்ப சொல்லாத. அவன் கடைசியா எப்ப சாப்பிட்டவன், எப்ப நித்திரை கொண்டவன், தனிய இருக்கிறானோ, சாகப் போறன் எண்டு எப்பவாவது சொன்னவனோ, இதை மட்டும் சொல்லு. சாகிற கதை கதைச்சால் பேரை இப்பவே சொல்லு, அது காட்டிக் குடுக்கிறது இல்லை. இல்லாட்டி நாளைக்கு இன்ரவலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா, கணக்கு விளங்கேல்லை எண்டு சாட்டுச் சொல்லி. வந்தவங்கள், ரெண்டு பேரும். முதல் நாள் உண்மையாவே கணக்குத்தான் செய்தம், இருபடிச் சமன்பாடு.